பிறவிக் குறையும் வந்த குறையும்: பழைய வேக லென்ஸில் ஃபிலிம் எடுப்பது

1950, 60களில் செய்த வேக லென்ஸ், அதாவது அகலத் திறந்து நிறைய ஒளியை உள்ளே விடும் எஃப் 1.4 அல்லது எஃப் 1.2 லென்ஸ் ஒன்றைக் கையில் எடுங்கள் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து எல்.இ.டி. டார்ச் அடித்து, சற்றே சாய்வாகப் பாருங்கள். தூசி தெரியும், அது எல்லா லென்ஸிலும் உண்டு, விட்டுவிடலாம். சிலந்தி வலை போல இழை ஓடினால் அது பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறத் திட்டு இருந்தால், ஒட்டிவைத்த இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. கண்ணாடி முழுக்க மோர் தெளித்துக் காய்ந்தது போலப் படலம் இருந்தால், அதுதான் மங்கல். இனி டார்ச்சை அணைத்துவிட்டு லென்ஸை வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். தாள் தேநீர் நிறத்தில் தெரிந்தால், உள்ளே தோரியம் கலந்த கண்ணாடி இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை அனைத்தும் வயதால் வந்த குறைகள். லென்ஸ் பிறந்த அன்றே அதனுள் இருந்த குறைகள் வேறு. அவை டார்ச்சுக்குத் தெரியாது, ஃபிலிமில்தான் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பழைய லென்ஸில் எடுத்த பல ரோல்கள் வீணாகின்றன. வந்த குறையை முடிந்தவரை துடைத்து நீக்க வேண்டும். பிறவிக் குறையை, எந்த ஸ்டாப்பில் (துளையின் எந்த அளவில்; ஒரு ஸ்டாப் மூடினால் ஒளி பாதியாகும்) எவ்வளவு என்று அளந்து, தெரிந்தே பயன்படுத்த வேண்டும். மங்கல் படிந்த லென்ஸ் தரும் சோகை பிடித்த படத்தை அந்தக் காலத்து அழகு என்று பாராட்டுவது அந்த லென்ஸை வடிவமைத்தவருக்குச் செய்யும் அநியாயம். அவர் கணக்குப் போட்டது அந்தப் படத்துக்கு அல்ல.

துளை பெருகினால் குறை ஏன் பெருகுகிறது

லென்ஸின் விளிம்பு வழியாக வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். துளையின் விட்டம் இரட்டித்தால் இந்தப் பிறழ்ச்சி ஃபிலிமில் உண்டாக்கும் தெளிவின்மை எட்டு மடங்காகிறது. ஓரங்களில் விளக்குகளைச் சிறகு முளைத்த புள்ளிகளாக்கும் கோமா நான்கு மடங்காகிறது. தெளிவான பிம்பம் தட்டையாக விழாமல் வளைவதால், அதாவது புல வளைவால், வரும் தெளிவின்மை இரண்டு மடங்குதான். நிறங்கள் ஓரத்தில் பக்கவாட்டில் விலகுவது துளையைப் பொறுத்து மாறுவதே இல்லை.

இதைத் திருப்பிப் பார்த்தால் நடைமுறைப் பயன் தெரியும். எஃப் 1.4-லிருந்து ஒரே ஒரு ஸ்டாப் மூடி எஃப் 2-க்கு வந்தாலே கோளப் பிறழ்ச்சியின் தெளிவின்மை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எஃப் 2.8-ல் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் பல பழைய லென்ஸ்கள் எஃப் 1.4-ல் கனவு போலவும், எஃப் 2.8-ல் இரண்டு வெவ்வேறு லென்ஸ்களோ என்று ஐயப்படும் அளவுக்குக் கறாராகவும் படம் தருகின்றன. நடுப்பகுதி இப்படித் தெளிந்த பிறகும் ஓரங்கள் எஃப் 4, 5.6 வரை தடுமாறும். காரணம், அங்கே ஆட்சி செய்யும் குறைகள் மெதுவாகத்தான் அடங்கும்.

பிறவிக் குறைகள் அலட்சியத்தால் வந்தவை அல்ல, பேரம் பேசி ஏற்றுக்கொண்டவை. லுட்விக் பெர்டெலே 1932-ல் சைஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய 50 மி.மீ. எஃப் 1.5 ஸோனாரைப் பாருங்கள். ஏழு கண்ணாடிகளை மூன்றே குழுக்களாக ஒட்டியிருக்கிறார். அப்போது பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு கிடையாது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் 4 முதல் 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆறு பரப்புகள் இருந்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒளி ஃபிலிமைச் சேரும். பன்னிரண்டு இருந்தால் பாதிக்குச் சற்று மேல்தான். தொலையும் ஒளியும் சும்மா போவதில்லை. அதில் ஒரு பங்கு உள்ளேயே அலைந்து நிழல்களை வெளுக்கச் செய்யும். குறைந்த பரப்புகளால் ஸோனாருக்கு நல்ல கான்ட்ராஸ்ட் (ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, ஃபோகஸ் நகர்வு.

ஃபோகஸ் நகர்வு: கண்ணில் வைத்தால் காதில் விழுவது

கோளப் பிறழ்ச்சி முழுதும் திருத்தப்படாத லென்ஸில், முழுத் திறப்பில் மிகத் தெளிவாகத் தெரியும் தூரமும் எஃப் 4-ல் தெளிவாகத் தெரியும் தூரமும் ஒன்றல்ல. துளையை மூடும்போது விளிம்புக் கதிர்கள் அறுபடுகின்றன. நடுக் கதிர்கள் கூடும் இடத்துக்கு ஃபோகஸ் போகிறது. ஸோனார் வகையில் இந்த நகர்வு பின்னோக்கி இருக்கும், அதாவது நீங்கள் குறிவைத்ததற்கு அப்பால். எஃப் 8 தாண்டினால் புல ஆழமே, அதாவது தெளிவாகத் தெரியும் தூர வரம்பே, அந்தத் தவறை விழுங்கிவிடும். தொல்லை தருவது எஃப் 2-க்கும் எஃப் 4-க்கும் இடைப்பட்ட பகுதி, அதுவும் 2 மீட்டருக்குள்.

எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில், 50 மி.மீ. லென்ஸில், 1 மீட்டரில், எஃப் 1.4-க்கு மொத்தப் புல ஆழம் சுமார் 3 செ.மீ. அரை மீட்டரில் அது 7, 8 மி.மீ.யாகச் சுருங்கும். கேமராவுக்குள்ளோ எஃப் 1.4-ல் ஃபிலிம் முன்பின் 0.04 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டின் ஸ்பிரிங் தளர்ந்த கேமராவில் எந்த வேக லென்ஸும் நல்ல பெயர் எடுக்காது. லென்ஸைக் குறை சொல்லும் முன் அந்தத் தட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி எழ வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனிச் சாளரத்தில் இரு பிம்பங்களை ஒன்றுசேர்த்துத் தூரம் பிடிக்கும் கேமராவில், இன்னொரு சிக்கலும் உண்டு. லைகா திருகு மவுண்ட்டின் ஃபோகஸ் இணைப்பு 51.6 மி.மீ. குவியத் தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஸோனார் வழிவந்த சோவியத் ஜூப்பிட்டர்-3, 52.4 மி.மீ. கணக்கில் வந்தது. 1 மீட்டரில் ஃபோகஸ் செய்ய அது 2.90 மி.மீ. முன்னே நகர வேண்டும், லைகா கணக்கு 2.81 மி.மீ.தான் தருகிறது. 0.09 மி.மீ. என்பது ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் எதிரே 1 மீட்டரில் அது 3 செ.மீ. பிழையாகிறது. எஃப் 1.5-ல் உங்களுக்குக் கிடைத்த புல ஆழமோ முன்னும் பின்னும் ஒன்றரை செ.மீ. மட்டுமே. கண்ணில் குறிவைத்தால் காது தெளிவாக வருவது இதனால்தான்.

சரிசெய்ய, லென்ஸ் தொகுதிக்கும் ஃபோகஸ் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய உலோக வளையத்தை மாற்றுவார்கள். படம் குறிக்கு அப்பால் தெளிந்தால் தடிப்பான வளையம், குறிக்கு முன்னால் தெளிந்தால் மெல்லிய வளையம். கிட்டத்தில் சரியானால் முடிவிலியில் சற்றுத் தவறும். ஆள் படம் எடுப்பவருக்கு அது நல்ல பேரம், மலை எடுப்பவருக்கு அல்ல. எந்த ஸ்டாப்புக்குச் சரிசெய்வது என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். முழுத் திறப்புக்குச் சரிசெய்த ஸோனார் எஃப் 2.8-ல் பின்னால் போகும், எஃப் 2.8-க்குச் சரிசெய்தது முழுத் திறப்பில் முன்னால் வரும். இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது.

ஃபிலிம் போடும் முன்பே இதைச் சோதிக்கலாம். கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் மங்கலான ஒட்டு டேப்பை இழுத்து ஒட்டுங்கள். ஷட்டரை, அது திறந்தே இருக்கும் பல்பு நிலையில் பூட்டி, உருப்பெருக்கியால் டேப்பில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். எதிரே 1 மீட்டரில் ஓர் அளவுகோலை 45 பாகையில் சாய்த்து வைத்து, அதன் நடுக் கோட்டில் ரேஞ்ச்ஃபைண்டரை ஒன்றுசேருங்கள். டேப்பில் எந்தக் கோடு தெளிவோ அதுதான் உண்மை. முடிவிலியையும் இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்.எல்.ஆரில், அதாவது லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராவில், கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பார்ப்பது முழுத் திறப்பில், படம் விழுவது மூடிய துளையில். நகர்வு அப்படியே இருக்கிறது. எஃப் 2.8-ல் எடுக்கப் போகிறீர்களா? துளையை அந்த அளவுக்கு மூடும் நெம்பை அழுத்தியபடியே ஃபோகஸ் செய்யுங்கள். திரை இருண்டாலும் அதுவே நம்பத்தக்கது.

மங்கல்: மன்னிக்கக் கூடாத குறை

முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறல்கள் படத்தில் கிட்டத்தட்டத் தெரியாது. ஆழமான கீறலோ சில்லுப் பெயர்ந்த இடமோ இருந்தால், அந்தப் பள்ளத்தை மட்டும் மினுக்கில்லாத கறுப்பு மையால் நிரப்பினால் ஒளி சிதறாது. பின்கண்ணாடிக் கீறல் கொஞ்சம் கூடுதலாக உறுத்தும். ஆனால் இவை எதுவுமே மங்கலுக்கு ஈடாகாது.

ஒரு காட்சியில் ஒளிப்பகுதிக்கும் நிழலுக்கும் ஏழு ஸ்டாப் இடைவெளி, அதாவது 128-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். மங்கல் படலம் ஒளிப்பகுதியின் 3 சதவீதத்தைப் படம் முழுக்கத் தூவுகிறது என்றால், நிழலில் இருந்த 0.8 சதவீதம் 3.8 ஆகிவிடும். ஏழு ஸ்டாப் காட்சி ஃபிலிமில் ஐந்து ஸ்டாப்புக்கும் குறைவாகச் சுருங்கும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் தீராது, சிதறும் ஒளியும் கூடவே கூடும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டரும் ஏமாறும். சிதறிய ஒளியையும் சேர்த்து எண்ணி, காட்சி உண்மையில் இருப்பதைவிட வெளிச்சமானது என்று நினைத்துக் குறைவாக எக்ஸ்போஸ் செய்யும். துளையை மூடினாலும் மங்கல் போகாது. பிறவிக் குறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். எஃப் 8-லும் படம் சோகையாகவே இருந்தால், குற்றவாளி வடிவமைப்பு அல்ல.

மங்கல் பெரும்பாலும் அப்பர்ச்சர் இதழ்களை ஒட்டிய இரு பரப்புகளில் படியும், ஏனென்றால் ஃபோகஸ் குழலின் கிரீஸிலிருந்து ஆவியாகும் எண்ணெய் அங்கேதான் தங்குகிறது. 1949-ல் வந்த லைட்ஸ் (லைகா கேமராவின் நிறுவனம்) சுமாரிட் 5 செ.மீ. எஃப் 1.5, 1956-ன் கேனன் 50 மி.மீ. எஃப் 1.2 இரண்டும் இதற்குப் பெயர் போனவை. சீக்கிரம் துடைத்தால் போய்விடும். பல ஆண்டுகள் விட்டால் சில வகைக் கண்ணாடிகளில் அரித்துவிடும். பிறகு மீண்டும் மெருகேற்றிப் பூச்சுப் பூசுவது தவிர வழியில்லை. வாங்கும் முன் டார்ச் அடிப்பதன் முழுப் பொருள் இதுதான்.

துடைப்பது இப்படி. பின்கண்ணாடிக் குழுவை, இரு முனை ஸ்பேனரால் ஒரே தொகுதியாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு கண்ணாடியாகப் பிரிக்க வேண்டியதில்லை. கழற்றும் முன் எது எந்தக் கோணத்தில் இருந்தது என்று பென்சிலால் குறியிடுங்கள். ஊதுபந்தால் தூசியை முதலில் நீக்குங்கள், இல்லையென்றால் அந்தத் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைத்து, குச்சியை எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பூஞ்சைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு அம்மோனியாவும் சம அளவு கலந்து, லென்ஸ் தாளில் நனைத்துச் சில நிமிடம் மேலே படுக்க வைக்கலாம். காற்றோட்டம் வேண்டும், வெளுப்புத் திரவம் அருகிலேயே வரக் கூடாது. திரவம் எதையும் கண்ணாடியின் மேல் நேராக ஊற்றாதீர்கள். ஓரத்துக்குள் இறங்கினால் கறுப்பு வண்ணத்தையும் ஒட்டையும் கெடுக்கும். சுமாரிட்டின் முன்பூச்சு மிக மென்மையானது. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

இதழ்களில் எண்ணெய் இருப்பது எஸ்.எல்.ஆர். லென்ஸுக்குக் கூடுதல் கேடு. ஷட்டர் திறக்கும் நொடியில் இதழ்கள் துள்ளி மூட வேண்டும். எண்ணெய் பிடித்தவை தாமதமாக மூடும். எஃப் 11-ல் எடுத்த படம் இரண்டு ஸ்டாப் கூடுதலாக வெளிறும், முழுத் திறப்பில் எடுத்தது மட்டும் சரியாக இருக்கும். இதழ்கள் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எந்த எண்ணெயும் போடக் கூடாது.

தேநீர் நிறக் கண்ணாடி

தோரியம் ஆக்சைடு கலந்தால் கண்ணாடி ஒளியை அதிகம் வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகம் பிரிக்காது. வேக லென்ஸ் வடிவமைப்பவருக்கு அது வரம். சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4-ன் ஏழு கண்ணாடி வடிவம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தோரியத்தின் கதிர்வீச்சு பல பத்தாண்டுகளில் கண்ணாடிக்குள்ளேயே நிறமையங்களை உண்டாக்கி மஞ்சளாக்குகிறது. அரை ஸ்டாப் அளவுக்கு ஒளி குறையும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் அதை ஈடுகட்டும். கைமீட்டரில் அளந்தால் நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இந்த மஞ்சள் ஒரு குறையே அல்ல என்பது என் கருத்து. பழைய லென்ஸ்கள் ஊதா, நீல ஒளியைச் சரியாகக் குவிப்பதில்லை, ஃபிலிமோ அந்த ஒளியை நன்றாகவே பதிவு செய்யும். முழுத் திறப்பில் தெரியும் ஒளிவட்டத்தில் ஒரு பங்கு அதனால்தான். மஞ்சள் கண்ணாடி அதை வடிகட்டிவிடுகிறது. தெளிவான லென்ஸ் வைத்திருப்பவரும் நடுத்தர மஞ்சள் ஃபில்டர் போட்டு இதே பயனைப் பெறலாம். ஒரு ஸ்டாப் செலவாகும். வண்ண ஸ்லைடில் மட்டும் மஞ்சள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ், பின்னால் அலுமினியத் தாள் வைத்து, சில நாள் முதல் சில வாரம் வரை விட்டால் நிறம் பெருமளவு வெளுக்கும். வெயிலில் வைப்பவர்கள் கவனிக்க: லென்ஸ் சூரியனைக் குவித்துத் தீ மூட்டும், சூடேறினால் கிரீஸ் உருகி இதழ்களுக்கு ஓடும். கதிர்வீச்சு, படம் எடுப்பவரைப் பாதிக்கும் அளவில் இல்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, ஃபிலிம் பெட்டியோடு ஒட்டி மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது.

ஒரு ரோல் சோதனைக்கு

ஐ.எஸ்.ஓ. 100 (ஒளியுணர்வின் அளவு) ஃபிலிமில் 36 படச் சுருள் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். ஒளியுணர்வு மிகுந்த வேக ஃபிலிமின் மணிகள் நாம் தேடும் குறைகளை மறைத்துவிடும். முக்காலி வேண்டும். சாய்ந்த அளவுகோலை 1 மீட்டரில் எஃப் 1.4, 2, 2.8, 4, 5.6 என ஐந்து படம்; ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸைத் தொடாதீர்கள், நகர்வு அப்போதுதான் தெரியும். 3 மீட்டரில் அதே ஐந்து. தொலைவிலுள்ள செங்கல் சுவர் ஐந்து. ஓரங்களும் மூலை இருட்டும் அதில் தெரியும். இரவில் தெருவிளக்குகளை நடுவிலும் மூலையிலும் வருமாறு நான்கு ஸ்டாப்பில் எடுத்தால் கோமா எங்கே அடங்குகிறது என்று புரியும். பிறகு வெளிச்சமான ஜன்னல் முன்னால் ஒரு கறுப்புப் பொருள், எஃப் 1.4-லும் எஃப் 4-லும், ஹுட் (பக்க ஒளியை மறைக்கும் முன்குழல்) போட்டும் கழற்றியும், மொத்தம் நான்கு. மீதி பதின்மூன்றில் மனிதர்களை எடுங்கள். ஒவ்வொரு படத்தின் எண், ஸ்டாப், தூரம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஃபிலிமில் இந்த விவரம் எங்கும் பதிவாவதில்லை.

ஃபிலிமும் வெளிச்சமும்

பகல் வெயிலில் முழுத் திறப்பு என்பது ஷட்டரின் பிரச்சினை. ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு வெயிலில் எஃப் 16-ல் 1/100 வினாடி என்றால், எஃப் 1.4-ல் 1/12,800 வேண்டும். 1/1000 வரைதான் போகும் கேமராவில் நிறம் மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் என்.டி. ஃபில்டர் நான்கு ஸ்டாப்புக்கு இல்லாமல் முடியாது. ஐ.எஸ்.ஓ. 400 போட்டுவிட்டால் ஆறு ஸ்டாப் தேவை. வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 50, மூன்று ஸ்டாப் ஃபில்டர் என்பதே நிம்மதி. ஆனால் ஃபில்டரும் ஒரு கண்ணாடிதான், எதிர்வெயிலில் புதிய பிரதிபலிப்பைக் கொண்டுவரும்.

இந்த லென்ஸ்கள் பிறந்தது விளக்கொளிக்காக. ஓரளவு வெளிச்சமுள்ள வீட்டு அறையில், ஐ.எஸ்.ஓ. 400-ல் எஃப் 1.4-க்கு 1/60 கிடைக்கும். கையில் பிடித்தே எடுக்கலாம், ஃபிலிமை புஷ் செய்யவும் (குறைவாக எக்ஸ்போஸ் செய்து கூடுதல் நேரம் டெவலப் செய்யவும்) வேண்டாம். மூலைகள் முழுத் திறப்பில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இருளும் என்பதை மறக்காதீர்கள். நெகட்டிவ் ஃபிலிமில் அந்த மூலைகள் மெலிந்து மணிமணியாகும். எனவே ஐ.எஸ்.ஓ. 400 நெகட்டிவை மீட்டரில் 200 என்று வைத்து, ஒரு ஸ்டாப் கூட்டி எடுப்பது நல்லது. ஸ்லைடில் அப்படிச் செய்யக் கூடாது, நடுப்பகுதி எரிந்துவிடும். எதிரொளியில் கான்ட்ராஸ்ட் குறைந்த கறுப்பு வெள்ளை ரோலுக்கு டெவலப்பிங் நேரத்தை 10 முதல் 15 சதவீதம் கூட்டலாம், அல்லது அச்சிடும்போது ஒரு கிரேடு கடினமான தாள் எடுக்கலாம். சினிஸ்டில் 800டி போன்ற, பின்புறக் கறுப்புப் பூச்சு நீக்கிய ஃபிலிமை இந்த லென்ஸோடு சேர்க்கும் முன் யோசியுங்கள். விளக்குகளைச் சுற்றி ஃபிலிமே சிவப்பு வளையம் போடும். லென்ஸின் ஒளிவட்டம் எது, ஃபிலிமினுடையது எது என்று பிரித்தறிய முடியாது.

ஸ்கேன் செய்த படத்தை வைத்து லென்ஸைத் தீர்ப்பிடாதீர்கள். மென்பொருள் தானாகவே கறுப்பை ஆழமாக்கி, மஞ்சளை அகற்றி, லென்ஸின் குறையை மூடிவிடும். மலிவான ஸ்கேனரோ தன் சொந்த மங்கலைச் சேர்க்கும். நெகட்டிவை ஒளிப்பெட்டியில் வைத்து, சோதனை ரோலின் ஜன்னல் படத்தைப் பாருங்கள். இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள வெற்று ஃபிலிமில் லென்ஸின் ஒளி விழுந்ததே இல்லை. அந்த வெறுமையையும், கறுப்புப் பொருள் பதிந்த இடத்தையும் உருப்பெருக்கியில் அருகருகே ஒப்பிடுங்கள். எஃப் 4-ல், ஹுட் போட்டு எடுத்த படத்திலும் கறுப்புப் பொருள் வெற்று ஃபிலிமைவிட நன்றாகவே அடர்ந்திருந்தால், ஸ்பேனரை மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.